பெரும்பாக்கம் போர்டு வீடு: வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டுப் போலாமா?

ஆறாவது மாடி

எல்லாருக்கும் வணக்கம். இங்க இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும் போவேன், எழுதறது இதான் முதல் தடவை.

நாங்க சென்னையில அடையாறு ஆத்தோரம். எங்க குடிசை வரிசையை எடுக்கறாங்க. அதுக்குப் பதிலா பெரும்பாக்கத்துல, குடிசை மாற்று வாரியம் கட்டின அடுக்குமாடியில என் பேர்ல அலாட்மென்ட் வந்திருக்கு, ஆறாவது மாடி. போன ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தேன். வீட்டைக் குறை சொல்ல முடியாது. உள்ளயே பாத்ரூம், சமையலுக்குத் தனியா இடம், ஜன்னலைத் திறந்தா காத்து. ஆத்தோரத்துல பாத்ரூமுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

ஆனா அன்னைக்கு லிஃப்ட் ஓடல. படியேறினோம். மூணாவது மாடித் திருப்பத்துல பல்பு இல்ல. அந்த இருட்டுல நாலு பசங்க உக்காந்திருந்தாங்க. ஒண்ணும் பேசல, காலை மடக்கி வழி விட்டாங்க. அதுக்கே என் பொண்ணு என் முந்தானையைப் புடிச்சுக்கிட்டா. பத்தாவது படிக்கிறா. வீட்டுக்காரர் இல்ல, நாங்க ரெண்டு பேர்தான். எனக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. ரெண்டாம் ஷிஃப்ட் போட்டா வீடு வந்து சேர ராத்திரி பத்தாயிடும்.

சொந்தக்காரங்க எல்லாம் "அய்யோ, அங்கயா?"ன்னு கேக்கறாங்க. ஆனா அவங்கள்ல ஒருத்தர் கூட அங்க போய்ப் பார்த்ததில்ல. அங்க இருக்கறவங்க, இருந்தவங்க உண்மையைச் சொல்லுங்க. போலாமா, இல்ல கடன உடன வாங்கி இங்கயே வாடகைக்குப் பாக்கட்டுமா?

---

சதுப்புநிலம்

வேண்டாம் மேடம். நான் அங்கிருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி ஒரு அபார்ட்மென்ட்ல இருக்கேன். எங்க அசோசியேஷன் குரூப்ல வாரத்துக்கு ஒரு மெசேஜாவது வருது: போன் பறிப்பு, பைக் திருட்டு, கஞ்சா. பேப்பரைத் திறந்தா கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு இந்த மூணு போர்டு குடியிருப்புல ஒரு பேர் இல்லாம இருக்காது. ராத்திரி ஆட்டோக்காரங்களே அந்தப் பக்கம் வரத் தயங்கறாங்க. பொம்பளைப் பிள்ளையோட ரிஸ்க் எடுக்காதீங்க.

---

மீன்பாடி

சார், உங்க அபார்ட்மென்ட்ல பாத்ரம் தேய்க்கிறது யாரு, கேட்டாண்ட செக்யூரிட்டியா நிக்கிறது யாரு, லிஃப்ட்ல பாக்குமரம் மாதிரி நிமிந்து நின்னு குப்பை எடுத்துனு போறது யாரு? அல்லாம் எங்காளுங்கதான். பகல்ல உங்க வூட்டு சாவியவே குடுக்குறீங்க, ராத்திரி எங்க பேர சொன்னா பயம். இன்னா கணக்கு சார் இது?

---

நடுவர்

கேள்வி கேட்டவருக்குப் பயன்படற மாதிரி எழுதுங்க. பிளாக் எண், ஆள் பேர் எதையும் போட வேண்டாம்.

---

கண்ணகி2001

அக்கா, நான் கண்ணகி நகர். பேர்லயே வருஷம் இருக்கு. வந்தப்ப எனக்கு பதினோரு வயசு. இன்னைக்கு ஆட்டோ ஓட்டறேன், கல்யாணம் ஆகி ரெண்டு பசங்க. உங்க கேள்விக்கு "ஆமா", "இல்ல"ன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்ற ஆளை நம்பாதீங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

சிட்டிக்குள்ள பத்து இடத்துல இருந்த குடிசைங்களைக் காலி பண்ணி, லாரில ஏத்தி, துரைப்பாக்கத்துக்கு உள்ள கொண்டாந்து இறக்கினாங்க. வீடு இருநூறு சதுர அடிக்குள்ளதான். அப்படியே ஏறி ஏறி பதினஞ்சாயிரம் வீட்டுக்கு மேல போச்சு. ஆரம்பத்துல தெருவிளக்கு சரியா கிடையாது, பஸ் கிடையாது, பக்கத்துல வேலையும் கிடையாது. எங்கப்பா பழைய இடத்துல மார்க்கெட்ல மூட்டை தூக்கினவர். இங்கருந்து விடியக்காலம் மூணு மணிக்கு மார்க்கெட்டுக்கு எப்படிப் போவார்? முதல்ல வாரத்துல நாலு நாள் அங்கயே படுத்தார். அப்புறம் வேலையே போச்சு. அதுக்கப்புறம் குடி. எங்க வரிசையில நாலு வீட்டுக்கு மூணு வீட்டுல இதே கதைதான்.

எல்லாரும் விட்டுடற விஷயம் ஒண்ணு இருக்கு. பழைய இடத்துலயும் திருடன் இருந்தான், ரவுடி இருந்தான். ஆனா யார் வீட்டுப் பையன்னு எல்லாருக்கும் தெரியும். நான் பீடியை வாயில வெச்சா, நான் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கம்மாவுக்குச் சேதி போயிருக்கும். இங்க வந்தப்ப மேல ஒரு குப்பத்து ஆளு, கீழ ஒரு குப்பத்து ஆளு, எதிர்ல வேற ஏரியா. குலுக்கல்ல விழுந்த வீடு. கிழவிங்க திண்ணையில உக்காந்து தெருவைப் பார்த்துட்டு இருப்பாங்களே, அந்தக் கண்ணு போயிடுச்சு. யார் பையனை யார் கண்டிக்கறது? கண்டிச்சா "நீ யாருடா கேக்க?"ன்னு சண்டை. ஏற்கெனவே ஆகாத ரெண்டு ஏரியாவை எதிரெதிர் பிளாக்ல வெச்சா என்ன ஆகும்னு யாரும் யோசிக்கல. வெட்டுக்குத்து பாதி அங்கதான் ஆரம்பிச்சுது.

பேரும் கெட்டுச்சு. பன்னெண்டாவது முடிச்சுட்டு ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். பேப்பரைப் பார்த்தவர் அட்ரஸ் வந்ததும் தலை நிமிந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "கூப்பிடறோம்"னார். இன்னும் கூப்பிடல. என் ஃபிரெண்டு வெறும் துரைப்பாக்கம்னு மட்டும் எழுதிக் குடுத்து வேலைல சேர்ந்தான். ஐ.டி. கம்பெனி எல்லாம் எங்க தெருமுனையில நிக்குது. கட்டும்போது சித்தாளா போனோம், கட்டி முடிச்சதும் உள்ள துடைக்கப் போனோம். நடுவுல இருக்கற வேலைக்கு மட்டும் அட்ரஸ் ஆகாது.

இப்ப நிலைமை அப்படியேவா இருக்கு? இல்ல. பேங்க், கடை, பஸ்ஸு எல்லாம் வந்தாச்சு. 2020ல சுவர் பூரா படம் வரைஞ்சாங்க, வெளியூர்க்காரங்க போட்டோ எடுக்க வந்தாங்க. (படம் வந்துது, தண்ணி வரலன்னு எங்கம்மா சொல்லும்.) 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டி நடந்துதே, பெண்கள் கபடில இந்தியா தங்கம் வாங்குச்சு, அந்த டீம்ல ஆடின கார்த்திகா எங்க கண்ணகி நகர்ப் பொண்ணு. அன்னைக்கு ராத்திரி ஏரியாவே முழிச்சிருந்துது. எங்க பேரு பேப்பர்ல வந்தும் தலை குனியாம நடந்த நாள் அது.

ஆனா இதையும் சொல்லிடறேன். குடிச்சவன்கிட்ட பேசலாம், காலையில தெளிஞ்சதும் "சாரிண்ணா"ன்னு வருவான். இந்த வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போடறானுங்களே, அவனுங்ககிட்ட பேச முடியாது. கண்ணுல ஆளே இருக்காது. பத்து வருஷம் முன்னாடி எங்களுக்கு இந்தக் கவலை இல்ல. இப்ப எனக்கே என் பெரியவனை நினைச்சா பயம்தான்.

---

ஓய்வு_கட்டுமானம்

கட்டுமானத் துறையில் 30 ஆண்டு இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பயத்தில் பாதியை உண்டாக்குவது கட்டடத்தின் அமைப்பு. மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு படிக்கட்டைப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் பயன்படுத்தும். அந்நியன் ஏறினால் தெரிந்துவிடும். எட்டு மாடி, தளத்துக்குப் பன்னிரண்டு வீடு என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட நூறு குடும்பம். அங்கே எல்லாருமே அந்நியர்தான். படிக்கட்டு யாருடையதும் இல்லை என்று ஆனபிறகு, அங்கே யார் உட்கார்கிறார்களோ அவர்களுடையது.

அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் ப்ரூட்-ஐகோ என்று 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, 1950களில் ஏழைகளுக்காகக் கட்டினார்கள். செலவைக் குறைக்க லிஃப்ட் சில மாடிகளில் மட்டும் நிற்கும்படி செய்தார்கள். மீதி மாடிக்காரர்கள் இருட்டுப் படியில் இறங்கி நடக்க வேண்டும், வழிப்பறி அங்கேதான் நடந்தது. பராமரிப்புக்குப் பணம் இல்லாமல் எல்லாம் பாழாகி, 1972ல் வெடிவைத்து இடிக்கத் தொடங்கினார்கள்.

---

மீன்பாடி

சார், அமெரிக்கா வரைக்கும் இன்னாத்துக்கு? புளியந்தோப்புல 2021ல கட்டி முடிச்ச புது போர்டு வூட்டுச் சுவத்த விரலால சொரண்டுனா கொட்டுச்சு, டிவில அல்லாரும் பாத்தாங்க. அதே வருசம் டிசம்பர்ல திருவொற்றியூர்ல 24 வூடு அப்டியே உக்காந்துச்சு. விரிசல் உட்டத பாத்து சனங்கள முன்னாடியே வெளிய இட்டாந்ததால உசுரு தப்புச்சு. எங்களுக்கு மொத பாதுகாப்பு சீலிங்கு தலைல உழாம இருக்குறதுதான். திருடன் அப்பறம்.

---

தையல்மிஷின்

ஆறாவது மாடி அக்கா, நான் பெரும்பாக்கத்துலயேதான் இருக்கேன். 2017 கடைசியில வந்தோம். பிள்ளைங்களுக்கு அரையாண்டுப் பரீட்சை நேரம், புத்தக மூட்டையோட வண்டியில ஏத்தினாங்க. வீட்டுல தைக்கிறேன், எங்க பிளாக் சங்கத்துலயும் இருக்கேன். ஆம்பிளைங்க எழுதினது எல்லாம் சரி, உங்களுக்கு வேண்டியதை நான் சொல்றேன்.

படியில உக்காந்திருக்கற பசங்க. அவங்க வீட்டுக்குள்ள அஞ்சு ஆறு பேரு. அக்கா உடை மாத்தணும்னா அவன் வெளிய வரணும். விளையாட இடம் இல்ல, அதனால படியில உக்கார்றான். நூத்துக்குத் தொண்ணூறு பேரு அவ்வளவுதான். மீதிப் பத்து பேரு யாருன்னு ஒரு மாசத்துல உங்களுக்கே தெரிஞ்சுடும்.

எங்க படியிலயும் பல்பு நிக்காது. போட்டா மறுநாள் காணாம போகும், இல்ல உடைஞ்சிருக்கும். மூணு தடவை சங்கக் காசுல போட்டோம். நாலாவது தடவை கம்பிக் கூண்டு அடிச்சு, லைனை ரெண்டாவது மாடி வீட்டு மீட்டர்ல இருந்து இழுத்தோம். கரண்ட் காசை மாசாமாசம் எல்லாருமா பிரிச்சுக் குடுத்துடறோம். அந்த வீட்டுப் பையன்தான் முதல்ல பல்பைக் கழட்டி வித்தவன்! அவங்கம்மாகிட்ட சுவிட்ச் இருக்கறதால இப்ப அவன்தான் சாயங்காலம் ஆறு மணிக்குப் போடறான். எல்லா இடத்துலயும் இது நடக்கும்னு சொல்ல மாட்டேன். பக்கத்து பிளாக்ல இதையே செஞ்சு பார்த்தாங்க, வயரையே அறுத்துட்டுப் போயிட்டாங்க.

வாரியத்துல "நம் குடியிருப்பு நம் பொறுப்பு"ன்னு ஒரு திட்டம் இருக்கு. சங்கம் பதிவு பண்ணி நாம பராமரிப்புக்கு எவ்வளவு வசூல் பண்றோமோ அதே அளவு அரசும் போடும். கேக்க நல்லா இருக்கு. ஆனா வேலையே இல்லாத வீட்டுல போய் மாசாமாசம் கை நீட்டிப் பாருங்க, அப்ப தெரியும். குடுக்கறவங்க குடுக்காதவங்களை முறைப்பாங்க. லிஃப்ட் நின்னா முதல் சண்டை அங்கதான்.

இப்ப முக்கியமானது. பொண்ணைப் பத்திக் கேட்டீங்க. இத்தனை வருஷத்துல எங்க பிளாக்ல பொண்ணுங்களுக்கு வந்த ஆபத்துல படியில உக்காந்தவனால வந்தது கம்மி. தெரிஞ்சவனால வந்ததுதான் அதிகம். அம்மா வேலைக்குப் போனதும் வீடு பத்து மணி நேரம் காலி. ரீசார்ஜ் பண்ணித் தர்றேன், பிரியாணி வாங்கித் தர்றேன்னு பேச ஆரம்பிப்பான். பதினஞ்சு வயசுக்கு அது காதல்னு தோணும். பேரு கெடறதுக்குள்ள கட்டி வெச்சுடலாம்னு அப்பா அம்மாவே பதினேழுல தாலி கட்ட வைப்பாங்க, அது சட்டப்படி குத்தம்னு தெரிஞ்சும். பள்ளிக்கூடம் மாறினதுல நின்னுபோன பொண்ணுங்கதான் இதுல முதல்ல மாட்டுவாங்க. அதனால டி.சி. வாங்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க. பத்தாவதுங்கறீங்க, பழைய பள்ளிக்கூடத்துலயே பரீட்சை முடியட்டும். அலைச்சல்தான், இருந்தாலும் நடுவுல அறுக்காதீங்க.

அடுத்தது வட்டிக்காரன். வார வட்டிக்குக் குடுத்தவன் ராத்திரி ஒம்போது மணிக்கு வாசல்ல நின்னு கத்துவான். பொண்ணு மட்டும் இருக்கற வீட்டுல அவன் பேசற பேச்சு இருக்கே, அதுக்குக் கத்தியே தேவலை. எவ்வளவு நெருக்கடி வந்தாலும் முதல் வருஷம் அங்க கை நீட்டாதீங்க.

ராத்திரி பத்து மணிக்கு வர்ற பொம்பளைங்க எங்க பிளாக்ல மட்டும் நீங்க சேர்ந்தா எட்டாவது ஆளு. பஸ்ஸை விட்டு இறங்கினதும் யாரும் தனியா நடக்க மாட்டாங்க. ஒருத்தர் இறங்கினா அடுத்த பஸ்ஸு வர்ற வரைக்கும் டீக்கடை வெளிச்சத்துல நிப்பாங்க. டீக்கடைக்காரரும் அவங்க பஸ்ஸு வராம கடையைச் சாத்த மாட்டார்.

---

சட்டம்படிக்கிறேன்

செம்மஞ்சேரியில் வளர்ந்தவன், இப்போது சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு. போலீஸ் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

எங்கள் மாதிரி இடங்களில் இரண்டு விதமாகவும் அடி விழும். கூப்பிட்டால் ரோந்து வண்டி தாமதமாக வரும். கூப்பிடாதபோது, வேறு எங்கோ நடந்த திருட்டுக்கு நம் தெருப் பையன்களை அள்ளிக்கொண்டு போகும். ஒரு தடவை சும்மா "சந்தேகம்" என்று பெயர் ஏறிவிட்டால், அடுத்த தடவை அந்தப் பெயரிலிருந்துதான் விசாரணை ஆரம்பிக்கும். இனி ஒழுங்காக இருப்பேன் என்று நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவார்களே, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 110, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 129. அதை மீறினால் உள்ளே. அடுத்த படி குண்டர் சட்டம். இருபது வயதில் அந்த ஏணியில் ஏறிய என் வகுப்புத் தோழன் ஒருவன் இன்னும் இறங்கவில்லை. அவன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. முதல் கேஸ் அவன் செய்யாதது, நான்காவது கேஸ் அவன் செய்தது.

பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் நிலைமை வேறு. சிறார் நீதிச் சட்டம் 2015படி, பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறையில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியம் முன் நிறுத்த வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு ஸ்டேஷன் வாசலில் நிதானமாகச் சொன்ன அம்மாக்களுக்கு வேலை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். கத்தினால் நடக்காது.

அக்காவுக்கு: பெண் குழந்தை விஷயத்தில் எதுவானாலும் குழந்தைகள் உதவி எண் 1098. உங்களுக்கு என்றால் பெண்கள் உதவி எண் 181. புகார் கொடுக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், சங்கத்து ஆள் ஒருவரோடு போங்கள். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினால், எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

---

சதுப்புநிலம்

முழுசும் படிச்சேன். மீன்பாடி கேட்ட கேள்வி என்னைக் குத்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. என் மனைவி கையில இருந்து போனைப் பறிச்சுட்டுப் போனாங்க. பைக்ல இருந்தவன் இழுத்த வேகத்துல அவங்க ரோட்டுல விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுது. இன்னைக்கும் பின்னாடி பைக் சத்தம் கேட்டா நின்னுடறாங்க. சூழ்நிலை, வறுமை எல்லாம் புரியுது. அதுக்காக நாங்க பயந்தது பொய்யாயிடுமா?

---

தையல்மிஷின்

பொய்யாகாது தம்பி. உங்க வீட்டம்மா கை சரியாயிடுச்சா?

பயம் உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்கன்னுதான் சொல்றோம். உங்க போனைப் பறிச்ச மாதிரி ஆளு எங்க பிளாக்ல சிலிண்டரைத் தூக்கிட்டுப் போயிருக்கான். பைக்ல பெட்ரோலை உறிஞ்சிருக்கான். பித்தளைக் குழாயைக் கழட்டினதுல ரெண்டு நாள் தண்ணி வீணா ஓடுச்சு. நீங்க புகார் குடுத்தா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. நாங்க சிலிண்டர் போச்சுன்னு போனா, "உங்க ஏரியாப் பசங்கதானே, நீங்களே கேட்டு வாங்கிக்கங்க"ன்னு பதில் வரும்.

---

கண்ணகி2001

சதுப்புநிலம் சாருக்கு: உங்க அசோசியேஷன் பெரிசு, ஆள் பலமும் இருக்கும். பெரும்பாக்கம் இத்தனை ஆயிரம் வீட்டை வெச்சுக்கிட்டு இருந்தது ஒரு ஊராட்சிக்குள்ள. மாநகராட்சி எல்லைக்கு வெளிய. குப்பைக்கும் தெருவிளக்குக்கும் ஒரு கிராமத்து பட்ஜெட்ல எவ்வளவு வரும்னு யோசிங்க. அந்த ரோட்டு விளக்குக்கு நீங்க ஒரு மனு போட்டா, நாங்க போடற பத்து மனுவை விட அதுக்கு வேகம் ஜாஸ்தி. உங்க வீட்டம்மா நடக்கறதும், எங்க அக்காங்க பத்து மணிக்கு இறங்கறதும் ஒரே ரோடுதான்.

---

சதுப்புநிலம்

சரி. இந்த வாரக் கூட்டத்துல எடுக்கறேன். எல்லாரும் ஒத்துக்குவாங்கன்னு உறுதி சொல்ல முடியாது. நடுவுல சுவர் எழுப்பணும்னு கேக்கற கோஷ்டியும் எங்ககிட்ட இருக்கு.

---

ஆறாவது மாடி

ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேன், கோச்சுக்காதீங்க. வந்துட்டோம். வாடகைக்குப் பார்த்தோம், அட்வான்ஸே எங்களால முடியாத காசு கேட்டாங்க.

பொண்ணு பழைய பள்ளிக்கூடத்துக்கே போறா. விடியக்காலம் அஞ்சரைக்கு எழுந்துக்கறா, பஸ்லயே தூங்கிடறா. பரீட்சை வரைக்கும் தாங்கணும். டீக்கடை வெளிச்சத்துல நானும் நிக்கறேன். தையல்மிஷின் அக்கா யாருன்னு தெரியாம தேடிட்டு இருந்தேன். ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போன இடத்துல, பேச்சுவாக்குல "பல்பு கூண்டு"ன்னு அவங்க சொன்னதும் புடிச்சுட்டேன்.

பயம் போச்சான்னா, போகல. போன வாரம் கீழ் மாடியில ராத்திரி ரெண்டு மணிக்குச் சண்டை, கண்ணாடி உடையற சத்தம். நானும் பொண்ணும் விளக்கைக்கூடப் போடாம உக்காந்திருந்தோம். மறுநாள் அந்த மூணாவது மாடிப் பசங்கள்ல ஒருத்தன், "நேத்து பயந்துட்டீங்களாக்கா? எந்த வீடு நீங்க?"ன்னு கேட்டான். சொல்றதா வேணாமான்னு ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம் சொல்லிட்டேன். சொன்னது சரியான்னு இன்னும் தெரியல.

வாசலுக்கு ஒரு கிரில் கேட் போடலாம்னு இருக்கேன். யாராவது தெரிஞ்ச வெல்டர் இருந்தா சொல்லுங்க.

---

மீன்பாடி

நம்ம மச்சான் வெல்டருதான்க்கா, இங்கயேதான் கீறான். ஞாயித்துக்கெழம அனுப்புறேன். கூலி கம்மியா வாங்க சொல்றேன், கம்பிக்கு மட்டும் காசு ரெடி பண்ணி வையி.

---

தையல்மிஷின்

கிரில் போடுங்க. ஆனா தகரம் வெச்சு மறைச்சுப் போடாதீங்க, கம்பி மட்டும் இருக்கட்டும். எதிர் வீட்டுப் பாட்டி நாள் பூரா அங்கயேதான் உக்காந்திருக்கும், உங்க வாசல் அதுக்குத் தெரியணும்.